ஒரு மணி நேரக் கரண்ட்

அந்த வருஷம் எங்களுக்கு ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. திண்டிவனத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆறுக்குப் போனால் ஏழுக்கு வரும், எட்டுக்குப் போகும், ஒன்பதுக்கு வரும். சமைப்பது, துவைப்பது, பிள்ளையைக் குளிக்க விரட்டுவது எல்லாம் கடிகாரத்தைப் பார்த்துத்தான். கரண்ட் வந்த நிமிஷம் எங்கள் சந்தில் ஓர் இரைச்சல் கிளம்பும் பாருங்கள், பன்னிரண்டு வீட்டு மிக்ஸியும் கிரைண்டரும் தண்ணி மோட்டாரும் சேர்ந்து கத்தும். நானும் சளைத்தவள் இல்லை. கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன்.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் மெஷின் ஒரு வேலையை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் என் வீட்டுக்காரர் மஸ்கட்டுக்குப் போய்விடுவார். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று வாரத்தில் நான் பட்ட பாடு இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம்.

அவர் பெயர் தேவநாதன். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தார். விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் வருவார். அந்த வருஷம் ஆடி மாசம் கான்ட்ராக்ட் ஆட்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். அதற்கும் முன்னால் நாலு வருஷம் மஸ்கட்டில் இருந்தவர்தான். திரும்பி வந்தபோது எங்கள் மகள் பவானிக்கு ஐந்து வயசு. என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா எப்பம்மா போவாரு?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். சிரித்துவிட்டுப் பின்பக்கம் போய்க் குழாயடியில் ரொம்ப நேரம் நின்றார். கஞ்சியோ கூழோ, இனி இந்த மனுஷனை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

மெஷின் என்றேனே, அது ஒரு தையல் மெஷின் மேஜை அளவுதான் இருக்கும். சிஎன்சி என்பார்கள். கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் அதன்படி ஒரு கத்தி சுழன்றுகொண்டே போய் அலுமினியத்தையோ பித்தளையையோ செதுக்கும். புதுச்சேரியில் ஒருத்தர் பொழுதுபோக்குக்காக வைத்திருந்ததை இவர் வாங்கி வந்தார். வீட்டு வாசலுக்குப் பேர்ப்பலகை, கடைக்குப் பித்தளைத் தகடு, இந்த மாதிரி வேலை வரும். இவர் ரயிலில் தூங்கிக்கொண்டு போன வருஷங்களில் அதை ஓட்டியது நான்தான். பத்தாவதில் கணக்கில் தவறியவள், எனக்கே அது ஆச்சரியம்.

வேலை போன பிறகு இரண்டு வழி வந்தது. ஒன்று, விழுப்புரத்தில் சீனுவாசன் என்று ஒருத்தர். சொட்டு நீர்க் குழாய்க்கு மாட்டுகிற சின்னச் சின்னப் பிளாஸ்டிக் சாமான்களைக் கையால் அழுத்தும் மெஷினில் செய்கிறவர். அனந்தபுரம் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிறவர்கள் எல்லாம் அவரிடம்தான் வாங்குவார்கள். ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் அலுமினிய அச்சு வேண்டும். சென்னையிலிருந்து அச்சு வர மாசக்கணக்கில் ஆகிறது என்று அவர் நொந்துகொண்டிருந்தார். "ஒரு சாம்பிள் அச்சு பண்ணி எடுத்தாங்க. சரியா இருந்தா எல்லா வேலையும் உங்களுக்குத்தான். சனிக்கிழமைய தாண்டக்கூடாது" என்று அடுத்த மாசத்தில் ஒரு தேதி சொன்னார். இன்னொன்று, மஸ்கட் விசா. அந்தச் சனிக்கு அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்குள் வருகிறாரா இல்லையா என்று பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் ஏஜென்ட்.

"அச்சு பாஸாயிடுச்சுன்னா நான் எங்கியும் போவல வடிவு" என்றார் இவர். சத்தியம் செய்கிற மாதிரி சொன்னார். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

அச்சில் முதல் செதுக்கல் தொல்லை இல்லை. நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கடைசியாக வழவழப்புக்காக ஓடுகிற ஓட்டம்தான் உயிரை வாங்கும். கத்தி மயிரிழை மயிரிழையாக நகர்ந்து முழுப் பரப்பையும் தேய்க்க வேண்டும். பாதியில் நின்று மறுபடி தொடங்கினால் அந்த இடத்தில் ஒரு கோடு விழுந்துவிடும். நகத்தால் தடவினால் தட்டும். அந்தக் கோடு பிளாஸ்டிக்கிலும் விழும், அந்த வழியாகத் தண்ணி கசியும், சீனுவாசன் தூக்கிப் போடுவார். அந்த ஓட்டத்துக்கு எங்கள் மெஷின் ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்தது. கரண்ட் ஒரு மணி நேரம்தான்.

அதனால் மெஷினை வேகமாக்க வேண்டும் என்றார் இவர். இருந்த மோட்டார் மூன்றும் டீ கிளாஸ் அளவுதான். வேகமாக ஓட்டினால் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு இடம் தவறிவிடும். கத்தியைச் சுற்றுவதற்கு மாட்டியிருந்தது ஆசாரிகள் மரம் குடைய வைத்திருக்கும் ரவுட்டர். அதன் தண்டு லேசாக ஆடும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு கோணிப்பையோடு வந்தார். அரை செங்கல் அளவில் மூன்று மோட்டார். கத்தியைச் சுற்ற, வெள்ளி பிளாஸ்க் மாதிரி நீளமாக ஒரு ஸ்பிண்டில். அதை ஓட்டுவதற்கு ஒரு கறுப்புப் பெட்டி. என் வளையல் இரண்டும் அந்தக் கோணிப்பைக்குள்தான் இருந்தது என்று வையுங்கள்.

புது மோட்டாரின் துளை பழைய தகட்டுக்குப் பொருந்தவில்லை. புதுத் தகடு வெட்டினார். தகட்டுக்குப் பொருந்த உள்ளே இருந்த இணைப்பை மாற்றினார். ஸ்பிண்டில் கனமாக இருந்ததால் அதைத் தூக்கிப் பிடிக்கும் கையையே புதிதாகச் செய்தார். கரண்ட் வரும்போது துளை போடுவார், போனதும் அரத்தால் ராவுவார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நான் சோற்றுத் தட்டோடு நின்று கத்துவேன். "எனுக்கு பசிக்கல, நீ சாப்புடு" என்பார். ஒன்பது நாள் இதே கதை. பத்தாம் நாள் பார்த்தால் மனுஷன் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், தாடியும் மீசையுமாக யாரோ மாதிரி இருந்தார்.

கடைசி வாரத் திங்கட்கிழமை ஒன்பது மணிக் கரண்டுக்கு முதல் ஓட்டம். ராத்திரியிலோ விடியற்காலையிலோ ஓட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுச் சொந்தக்காரி கெங்கம்மாவின் வீட்டுக்காரர் நெஞ்சில் ஆபரேஷன் செய்துகொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார். ராத்திரியிலும், காலை ஒன்பதுக்கு முன்னாலும் மெஷின் சத்தம் கேட்கக்கூடாது என்பது அந்த அம்மா போட்ட சட்டம். ஜெனரேட்டர் என்றால் மிஞ்சுகிறதெல்லாம் டீசலுக்கே போய்விடும்.

ஸ்பிண்டில் விசில் மாதிரி சத்தத்தோடு கிளம்பியது. அடேயப்பா, என்ன வேகம்! பழைய மெஷின் நடக்கும், இது பறந்தது. நாற்பத்தெட்டு நிமிஷத்தில் முடியும் என்று கம்ப்யூட்டர் காட்டியது. நான் சாமியைக் கும்பிட்டேன். எட்டாவது நிமிஷம் விசில் சத்தம் இறங்கி இறங்கிச் செத்துப்போனது. கத்தி சுற்றாமல் நின்றுவிட்டது, ஆனால் மோட்டார்கள் அதை இழுத்துக்கொண்டே போயின. பட்டென்று கத்தி ஒடிந்தது. கறுப்புப் பெட்டியில் சிவப்பாக ஏதோ எழுத்து மினுமினுத்தது.

"ஒயரிங்ல ஏதோ கோளாறு" என்றார்.

எல்லாவற்றையும் பிரித்தார். எர்த் கம்பியை மாற்றினார், கேபிளை மாற்றினார், பெட்டியையே கழற்றி மாட்டினார். புது அலுமினியக் கட்டி வைத்து மறுபடி ஓட்டினால் இருபதாவது நிமிஷம் நின்றது. அடுத்தது மூன்றாவது நிமிஷம். செவ்வாய் போனது. நான்தான் சும்மா இருக்க மாட்டாமல், "இருந்தத இருந்தபடி வெச்சிருந்தா பேர்ப்பலகையாவது ஓடிக்கினு இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

புதன்கிழமைதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஒன்பதுக்குக் கரண்ட் வந்தது. அவர் மெஷினை ஓட்டினார். நான் பழக்க தோஷத்தில் ஓடிப்போய்த் தேங்காயை மிக்ஸியில் போட்டுத் திருகினேன். அடுத்த அறையில் விசில் சத்தம் இறங்கியது. "ஐயோ!" என்று அவர் கத்தினார். என் கை மிக்ஸி திருகில் அப்படியே இருந்தது.

நான் கையை எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கத்தி இல்லாமல் ஸ்பிண்டிலை மட்டும் ஓட்டச் சொல்லிவிட்டு மறுபடி திருகினேன். மறுபடி செத்தது. அவர் மீட்டரை எடுத்து வந்து பிளக்கில் சொருகினார். எங்கள் சந்து டிரான்ஸ்பார்மருக்குக் கடைசி. கரண்ட் வந்ததும் எல்லா வீட்டிலும் எல்லாவற்றையும் போட்டுவிடுவதால் இருநூற்று முப்பது வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் நூற்று எழுபதுக்கும் கீழே முள் ஆடிக்கொண்டிருந்தது. பழைய ரவுட்டர் அதிலும் முனகிக்கொண்டே சுற்றும். புதுசு கௌரவம் பார்க்கிறது. கரண்ட் குறைந்தால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. பக்கத்துக் கடையில் ஸ்டெபிலைசர் ஒன்று இரவல் வாங்கி வந்து மாட்டினோம். அது டக் டக் என்று நாலு தடவை அடித்துக்கொண்டு அதுவும் கைவிட்டது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவ்ளோதான் வடிவு. பொட்டியில கோளாறு இருந்தா ரிப்பேர் பண்ணலாம். ஊர்ல கரண்ட் இல்லன்னா நான் இன்னா பண்றது? ஏஜென்டுக்கு சொல்லிடலாம்."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "சொல்லுவீங்க, சொல்லுவீங்க. பன்னெண்டு நாளா என் உயிர எடுத்துட்டு இப்போ பொட்டி படுக்கைய கட்டுறீங்களா? கரண்ட் பத்தலன்னா அத எடுத்துக்கினு இருக்கறவங்க கிட்ட கேக்க வேண்டியதுதான?"

"யார் கிட்ட கேப்ப?"

"சந்துல. யார் கிட்ட கேப்பாங்க, கவர்னர் கிட்டியா?"

வியாழக்கிழமை முழுக்க வீடு வீடாகப் போனேன். வெள்ளிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்து வரை ஃபேனையும் லைட்டையும் தவிர எதையும் போடாதீர்கள் என்று கேட்டேன். சில வீட்டில் சிரித்தார்கள். கரண்ட் இல்லாதபோது போடாதே என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, இருக்கும்போது போடாதே என்கிறாளே இவள் என்று பார்த்தார்கள்.

கெங்கம்மாவிடம்தான் முதலில் போனேன். தண்ணி மோட்டார் அவர் கையில்.

"நீ சொல்றது நல்லா இருக்குதுடி. உன் வீட்டு மெஷினு ஓடணும்னா சந்தே மூச்ச புடிச்சிக்கினு நிக்கணுமா?"

"ஒரு மணி நேரந்தாங்க்கா."

"தொட்டி ரொம்பலன்னா இருக்குற குடித்தனம் எல்லாம் என் தலைய உருட்டும். சரி, போ. பதினோரு மணி கரண்டுக்கு மோட்டார் போட்டுக்கிறேன். அப்போ வரலன்னா எல்லாரையும் கொடத்த தூக்கிக்கினு உன் வீட்டுக்குத்தான் அனுப்புவேன், தெரிஞ்சிக்கோ."

அடுத்து அம்சவள்ளி. மாவு விற்றுப் பிழைக்கிறவள். வீட்டிலேயே இரண்டு கிரைண்டர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு ஒன்பது மணிக் கரண்டுக்குத்தான் அரைக்கவே உட்காருவாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "அப்போ அஞ்சு மணி கரண்டுக்கு அரைக்கணும். மூணரைக்கு எழுந்திரிச்சி அரிசி கழுவணும்." பெருமூச்சு விட்டாள். "பண்றேன், போ. உனக்காகப் பண்ணல. எங்க வீட்ல ஒண்ணு துபாய்க்குப் போய் ஏழு வருஷம் ஆவுது. பேரு மட்டுந்தான் புருஷன்."

கடைசியாக ராயப்பனிடம் போனேன். கடைசி என்றால் பயத்தில் தள்ளிப்போட்டேன் என்று அர்த்தம். சந்து முனையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். அவன் ராடை வைத்தால் எங்கள் வீட்டு பல்பு சுருங்கும். மற்ற வீடெல்லாம் சேர்ந்து எடுக்கிறதில் பாதியை அவன் ஒருத்தன் எடுப்பான். பட்டறையில் ஒரு பெரிய இரும்பு கேட் பாதி முடிந்து சாய்ந்திருந்தது. ஓமந்தூரில் ஒரு புது வீட்டுக்காம். ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம்.

முழுக்கக் கேட்டான். சாய்ந்திருந்த கேட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, பகல்ல எனுக்கு நாலு மணி நேரந்தான் வேலை. அதுல ஒண்ண கேக்குற."

"தெரியும்பா." மஸ்கட் விஷயத்தைச் சொன்னேன். அழக்கூடாது என்றுதான் போனேன், அழுதுவிட்டேன்.

"மாமா போறது உனுக்கு புடிக்கலியா?"

"புடிக்கலப்பா."

"சரி. ஒம்போதுல இருந்து பத்து. ராட தொட மாட்டேன். நீ போ."

வெள்ளிக்கிழமை ஒன்பதுக்குக் கரண்ட் வந்தது. ஸ்பிண்டில் கிளம்பியது. மீட்டரில் முள் இருநூற்றுப் பதினைந்தில் நின்றது. அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். என்னால் உள்ளே நின்று பார்க்க முடியவில்லை. வாசலுக்கு வந்தேன்.

சந்தில் சத்தமே இல்லை. கரண்ட் இருக்கும்போது எங்கள் சந்து அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே கிடையாது. எங்கள் வீட்டு விசில் சத்தம் மட்டும் தெருமுனை வரை கேட்டது. கெங்கம்மா வாசற்படியில் உட்கார்ந்து மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே காவல் இருந்தார். எதிர் வீட்டில் ஒரு பெண் இஸ்திரிப் பெட்டியை மேஜைமேல் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். அம்சவள்ளி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். மூடிய கண்ணின் ஓரம் சிவந்து கிடந்தது. பட்டறையில் ராயப்பன் ஒரு கவிழ்த்த டின்மேல் உட்கார்ந்திருந்தான். பாதி கேட் அவன் முன்னால் சாய்ந்திருந்தது. இரண்டு கையையும் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு அந்தக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பல்பு அவன் தலைக்கு மேல் பிரகாசமாக எரிந்தது. அந்தப் பக்கம் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒன்பது ஐம்பத்தொன்றுக்கு விசில் இறங்கியது. நான் பதறிப்போய் உள்ளே ஓடினேன். முடிந்துதான் இறங்கியிருந்தது. அவர் அச்சைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. நகத்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்தார்.

"தட்டல வடிவு" என்றார். அவர் கண்ணில் தண்ணி. எனக்கும்தான். வெளியே போய் "முடிஞ்சிடுச்சு" என்று கத்தினேன். அடுத்த நொடி சந்து முழுக்க ஒரே இரைச்சல். மீதி இருந்த ஒன்பது நிமிஷத்தை யாரும் விடவில்லை.

சனிக்கிழமை இருவரும் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினோம். அச்சை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். சீனுவாசன் அதைத் தன் மெஷினில் மாட்டி, பிளாஸ்டிக்கை உருக்கி அழுத்தி, ஒரு சாமானை எடுத்தார். குழாயில் மாட்டினார். பக்கெட் தண்ணிக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு குழாயின் இன்னொரு முனையில் வாயை வைத்து முகம் சிவக்க ஊதினார். ஒரு காற்று முட்டைகூட வரவில்லை.

"சென்னையில கூட இவ்ளோ வழவழன்னு வராதுங்க" என்றார். "பாஸ். வாரத்துக்கு நாலு அச்சு குடுத்துடுங்க. எங்கிட்ட முப்பது அளவு இருக்குது. கொஞ்சம் ஜல்தியா வேணும், மழைக்கு முன்னாடி எல்லாரும் குழாய் போடுவாங்க."

வாரத்துக்கு நாலு. நாங்கள் தலையை ஆட்டிவிட்டு வந்தோம். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். இவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். பஸ் விக்கிரவாண்டி தாண்டும் வரைக்கும் எனக்கும் சந்தோஷம்தான்.

"வாரத்துக்கு நாலு மணி நேரம். நாலே நாலு மணி நேரம் ஒழுங்கா கரண்ட் கெடச்சா போதும்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போன பிறகு மெதுவாகச் சொன்னார். "நீ கேட்டா குடுப்பாங்க வடிவு."

"கேட்டேனே. ஒரு தடவ கேட்டேன்."

"திங்கக்கெழம ராயப்பன் கிட்ட ஒரு வார்த்த பேசிப் பாரு. அவன் ஒருத்தன் ஒத்துக்கிட்டா மத்தவங்கள சமாளிச்சிக்கலாம். அவன் இன்னா சொல்றான்னு பார்த்துட்டு ஏஜென்டுக்குச் சொல்லலாம்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். போகக்கூடாது என்று அவர் காலைக் கட்டிக்கொண்டவள் நான்தான். ஆனால் ஒருத்தர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. அவர் மோட்டாரை மாற்றினார், ஸ்பிண்டிலை மாற்றினார். வாசலில் போய் நின்றவள் நான்.

சந்துக்குள் நுழைந்ததுமே ராயப்பன் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா, பாஸா?"

"பாஸுப்பா."

"பார்த்தியா! மாமா எங்கியும் போவ வேணாம்" என்று அப்படிச் சிரித்தான். கெங்கம்மா வெளியே வந்து, "என் மோட்டார நிறுத்துனதுக்கு ஸ்வீட் எங்கடி?" என்றார். எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம். ஒரு மணி நேரம் கொடுத்தார்கள், காரியம் ஆகிவிட்டது, அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். அடுத்த வாரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் அம்சவள்ளி ஒரு தூக்கில் மாவு கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. போகும்போதுதான் சொன்னாள். "ராயப்பனுக்குத்தான் கொஞ்சம் பேஜாரா பூடுச்சு. கேட்டு முடியல. ஓமந்தூர்காரங்க வாசல்ல ஒரு மூங்கில் தட்டிய கட்டிட்டு கிரகப்பிரவேசம் பண்ணாங்களாம். மானம் போச்சுன்னு மீதி ஜன்னல் வேலய எல்லாம் வேற ஆளுக்கு குடுத்துட்டாங்க."

"அந்த ஒரு மணி நேரத்தாலயா?"

"வேற எதால? நான் சொன்னேன்னு சொல்லிடாத. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னான்."

அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. இவரிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் அவரே எல்லாவற்றையும் விட்டுவிடுவார். எனக்கு அவர் வேண்டும். பவானிக்கு அப்பா வேண்டும். நான் ஒன்றும் பெரிய தியாகி இல்லை. கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் திங்கட்கிழமை காலையில் புடவையை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வாரத்தில் நாலு நாள் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுப்பான், அதற்குப் பதிலாக ஏதாவது கொடுத்துச் சரிக்கட்டலாம், இப்படி வழியெல்லாம் வார்த்தையைச் சேர்த்துக்கொண்டே போனேன்.

ஒன்பது அடிக்க ஐந்து நிமிஷம். ராயப்பன் எல்லாவற்றையும் தயாராக எடுத்து வைத்திருந்தான். தகரத்தை வெட்டி வரிசையாக அடுக்கியிருந்தான், ராடை இடுக்கியில் மாட்டியிருந்தான், முகமூடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு பல்பையே பார்த்து நின்றான். ஒரு நொடிகூட வீணாகக்கூடாது என்று ஓட்டப்பந்தயத்துப் பையன் மாதிரி நின்றான். நான் வாசலில் போய் நிற்கவும் பல்பு எரிந்தது. சந்தில் இரைச்சல் கிளம்பியது.

அவன் என்னைப் பார்த்தான். பல்பைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். பிறகு இடுக்கியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"இன்னிக்கும் வேணுமாக்கா?"

முகத்தில் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை. சலிப்பு இல்லை. இருந்திருந்தால் நான் கேட்டிருப்பேன். சத்தியமாகக் கேட்டிருப்பேன்.

"இல்லப்பா. சும்மா வந்தேன். நீ வேலயப் பாரு."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். கரண்ட் போயிடப் போவுது, பாரு."

அவன் முகமூடியை இறக்கினான். நான் திரும்பி நடந்தேன். பின்னால் சடசடவென்று நீல வெளிச்சம் அடித்தது. என் நிழல் எனக்கு முன்னால் சுவரில் விழுந்து விழுந்து மறைந்தது.

வீட்டில் இவர் அடுத்த அச்சுக்கான கட்டியை மெஷினில் மாட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ். செல்போன் அடித்தது. "ஏஜென்டுதான். எடு, ஒரு பத்து நிமிஷம் கழிச்சு பேசறேன்னு சொல்லு" என்றார்.

எடுத்தேன்.

"இன்னாங்கம்மா, ஆளு வர்றாரா இல்லியா? இங்க அடுத்த ஆளு உக்காந்துக்கினு இருக்காரு" என்றார் ஏஜென்ட்.

இவர் திருகாணியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். ராயப்பன் என்ன சொன்னான் என்று கண்ணாலேயே கேட்டார்.

"வர்றாருங்க" என்றேன். "பாஸ்போர்ட்ட எப்போ கொண்டாரணும்?"

தேதியைச் சொன்னார். நான் திருப்பிச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இவர் திருகாணியைக் கீழே வைத்தார். வெளியே மிக்ஸியும் மோட்டாரும் கத்திக்கொண்டிருந்தன.

"அவன கேட்டியா?" என்றார் கடைசியில்.

"கேக்கல."

"ஏன் வடிவு?"

"கேட்டா குடுத்திருப்பான்" என்றேன்.